யாருடைய அளவு?

குடிபாலா போன்ற ஊர்களில் தையற்கடைக்குப் போகும் பெண்கள் பெரும்பாலும் இஞ்ச் டேப்புக்கு வேலை வைப்பதில்லை. புதுத் துணியோடு பழைய ரவிக்கை ஒன்றையும் சுருட்டிக் கொடுத்துவிட்டு வந்துவிடுவார்கள். தமிழில் அது 'அளவு ஜாக்கெட்'. தெலுங்கில் 'ஆதி ஜாக்கெட்'. சித்தூருக்கும் வேலூருக்கும் நடுவே இரண்டு மொழியும் கலந்து புழங்கும் அந்த எல்லைப் பகுதியில் எந்தப் பெயரைச் சொன்னாலும் டெய்லருக்குப் புரியும். 'இதே மாதிரி, கை மட்டும் கொஞ்சம் லூஸ்' என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ஆண் டெய்லர் தொட்டு அளக்க வேண்டிய சங்கடமும் இல்லை.

அந்தப் பழைய ரவிக்கையைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. முதலில் தைத்தபோது அது தோளில் இறங்கியிருக்கும், அல்லது கக்கத்தில் பிடித்திருக்கும். பிரித்து, விட்டு, மறுபடி பிடித்து, கடைசியில் அந்த ஒரே ஒரு உடம்புக்கென்று வந்து சேர்ந்த தீர்வு அது. அதில் எண் எதுவும் எழுதப்பட்டிருக்காது. ஆனால் அந்தப் பெண்ணின் உடலைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதெல்லாம் அதில் இருக்கிறது.

நம்முடைய உடைகளைப் பற்றி யோசித்தால் ஒரு விசித்திரம் புலப்படும். புடவைக்கு அளவே கிடையாது. ஐந்தரை மீட்டர் துணி ஒல்லியானவருக்கும் பொருந்தும், பருமனானவருக்கும் பொருந்தும். கல்யாணத்துக்கு முன்பும் கட்டலாம், மூன்று பிள்ளைகள் பெற்ற பின்பும் கட்டலாம். வேட்டியும் அப்படியே. ஆனால் அதே புடவையோடு அணியும் ரவிக்கை அரை அங்குலம் பிசகினாலும் அன்றைய பொழுதைக் கெடுத்துவிடும். அளவே தேவைப்படாத உடையையும், துல்லியமான அளவு கேட்கும் உடையையும் ஒரே உடம்பில் ஒன்றாக அணிந்து பழகியவர்கள் நாம். முன்னதற்கு டெய்லர் தேவையில்லை. பின்னதற்கு டெய்லர் பக்கத்துத் தெருவில் இருந்தார். ஆகவே 'சைஸ்' என்பதைப் பற்றி வெகுகாலம் நாம் கவலைப்படவில்லை.

ரெடிமேட் உடைதான் அந்தக் கவலையைக் கொண்டுவந்தது. அம்மா அளவு ஜாக்கெட்டோடு டெய்லரிடம் போகிறார். மகள் செல்போனில் சல்வாரும் குர்த்தியும் பார்த்து வரவழைக்கிறாள். ஒரு கம்பெனியில் அவள் 'எம்'. இன்னொன்றில் 'எக்ஸ்எல்'. மார்பில் சரியாக இருப்பது இடுப்பில் பிடிக்கிறது. இடுப்பில் சரியாக இருப்பது தோளிலிருந்து வழிகிறது. திருப்பி அனுப்புகிறாள், அல்லது அதே டெய்லரிடம் கொண்டுபோய் ஆல்டர் செய்துகொள்கிறாள். இது அவளுக்கு மட்டும் நேரும் துரதிருஷ்டம் அல்ல. வாங்கிய உடைகளில் 20 முதல் 40 சதவீதம் வரை திரும்பி வருவதாகவும், அளவு பொருந்தாததே அதற்கு முக்கியக் காரணம் என்றும் மத்திய அரசே சொல்லியிருக்கிறது. பிற நாடுகளின் அளவு அட்டவணைகளை அங்கே இங்கே தட்டிக்கொட்டித்தான் இந்திய ஆயத்த ஆடைத் தொழில் இத்தனை காலம் ஒப்பேற்றி வந்தது என்பதும் அரசின் வாக்குமூலம்தான்.

இதற்கு விடை தேடி ஜவுளி அமைச்சகத்தின் ஆதரவோடு தேசிய ஃபாஷன் தொழில்நுட்பக் கழகம் (நிஃப்ட்) அறிவித்த ஆய்வின் பெயர் 'இந்தியா சைஸ்'. 15 முதல் 65 வயது வரையிலான 25,000 ஆண்களையும் பெண்களையும் முப்பரிமாண ஸ்கேனர் முன்னால் நிறுத்தி, ஒவ்வொருவரிடமும் நூற்றுக்கும் மேற்பட்ட அளவுகளை எடுத்து, இந்தியர்களுக்கென்று ஓர் அட்டவணை தயாரிப்பது நோக்கம். ஸ்கேனர் உடம்பைத் தொடுவதில்லை. உடலோடு ஒட்டிய உடையில் சில விநாடிகள் நின்றால் போதும். உடம்பின் மேற்பரப்பு முழுவதும் லட்சக்கணக்கான புள்ளிகளாகக் கம்ப்யூட்டருக்குள் போய்விடும். அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி, கொரியா, சீனா உள்ளிட்ட 14 நாடுகள் ஏற்கனவே இத்தகைய தேசிய ஆய்வுகளை முடித்துவிட்டன என்று அறிவிப்பு சொன்னது. பிரிட்டன் 2001-02ஆம் ஆண்டுகளிலேயே சுமார் 11,000 பேரை இப்படி அளந்தது.

நல்ல காரியம். தேவையான காரியம். ஆனால் இந்திய அட்டவணை ஒன்று கைக்கு வந்தால் பிரச்னை தீர்ந்தது என்று நம்முடைய ஃபாஷன் கல்லூரிகள் நினைத்துவிடக் கூடாது. அந்நிய அட்டவணையை மனப்பாடம் செய்த மாணவி இனி இந்திய அட்டவணையை மனப்பாடம் செய்வாள் என்றால் மாற்றம் பாதிதான். அட்டவணை எப்படிப் பிறக்கிறது, யாரை அளந்து பிறக்கிறது, யாரை விட்டுவிடுகிறது என்பது தெரிந்தால்தான் உடை பொருந்துவது என்றால் என்னவென்று அவளுக்குப் புரியும். உடல் அளவு ஆராய்ச்சியை முடிவாகத் தராமல் பாடமாகத் தர வேண்டும் என்பதே நான் சொல்ல வருவது.

உலகத்தில் பல நாடுகளுக்கு முன்னோடியாக இருந்த அமெரிக்க ஆய்வின் கதையையே எடுத்துக்கொள்ளலாம். 1939-40ஆம் ஆண்டுகளில் அமெரிக்க விவசாயத் துறையின் மனையியல் பிரிவைச் சேர்ந்த ரூத் ஓப்ரையனும் புள்ளியியலாளர் வில்லியம் ஷெல்டனும் ஏறத்தாழ 15,000 பெண்களை அளந்தார்கள். ஒவ்வொருவரிடமும் 59 அளவுகள். ரெடிமேட் உடைக்காகப் பெண்களின் உடம்பை இவ்வளவு பெரிய அளவில் விஞ்ஞான ரீதியாக அளந்தது அதுவே முதல் தடவை. 1941இல் அறிக்கை வந்தது. அளவு எடுத்தவர்கள் கவனமானவர்கள், முறை கறாரானது. ஆனால் அளக்கப்பட்டவர்கள் தாமாக முன்வந்தவர்கள். அதைவிட முக்கியம், வெள்ளையர் அல்லாத பெண்கள் வந்தபோது, மனம் புண்படக் கூடாது என்று அவர்களையும் அளந்துவிட்டு, பிறகு அந்தக் கணக்கை மட்டும் ஒதுக்கிவிட்டார்கள். இஞ்ச் டேப் எல்லாரையும் சமமாகத்தான் தொட்டது. அட்டவணைதான் தொடவில்லை.

அந்தக் கணக்கை அடிப்படையாக வைத்து 1958இல் அமெரிக்காவில் பெண்கள் உடைக்கான தர அளவு வந்தது. 1970இல் அதைத் திருத்தினார்கள். 1983இல் கைவிட்டே விட்டார்கள். பெண்களின் உடல் மாறியிருந்தது, அளக்கப்படாதவர்களும் கடைக்கு வந்துகொண்டிருந்தார்கள், கம்பெனிகளோ வாடிக்கையாளர் மனம் குளிர ஒவ்வொரு சைஸிலும் துணியைக் கூட்டிவைத்துச் சின்ன எண்ணை ஒட்டிக்கொண்டிருந்தன. அட்டவணைக்கு ஆயுள் உண்டு என்பது அமெரிக்காவுக்கு நாற்பது ஆண்டுகளில் தெரிந்துவிட்டது.

ஃபாஷன் மாணவர்கள் கட்டாயம் படிக்க வேண்டிய இன்னொரு கதை விமானப் படையைப் பற்றியது. 1950இல் அமெரிக்க விமானப் படை 4,063 விமானிகளை 140 விதமாக அளந்தது. விமானிகளின் சராசரி உடலுக்கு ஏற்பக் காக்பிட்டை வடிவமைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது எண்ணம். அந்தக் கணக்கைப் பார்த்தவர்களில் கில்பர்ட் டேனியல்ஸ் என்ற இளைஞரும் ஒருவர். ஹார்வர்டில் மாணவராக இருந்தபோதே 250 சக மாணவர்களின் கைகளை அளந்து, எல்லாவற்றிலும் சராசரியான கை என்று ஒன்று இல்லை என்று கண்டவர். அவருக்கு ஒரு சந்தேகம் எழுந்தது. உயரம், மார்புச் சுற்று, கை நீளம் என்று முக்கியமான பத்து அளவுகளை மட்டும் எடுத்துக்கொண்டார். ஒவ்வோர் அளவிலும் நடுவில் உள்ள 30 சதவீதம் பேரைச் 'சராசரி' என்று தாராளமாகவே ஒப்புக்கொண்டார். பத்து அளவிலும் சராசரியாக இருந்தவர்கள் எத்தனை பேர்? ஒருவர்கூட இல்லை. மூன்றே அளவுகளை எடுத்துக்கொண்டாலும் நூற்றுக்கு நாலு பேர்கூடத் தேறவில்லை. 1952இல் அறிக்கை வந்தது. சராசரி விமானிக்கென்று செய்த காக்பிட் உண்மையில் எந்த விமானிக்கும் பொருந்தவில்லை. அதன் பிறகுதான் முன்னும் பின்னும் நகர்த்தக்கூடிய இருக்கைகளும் நீட்டிச் சுருக்கும் பட்டைகளும் விதியாயின. இன்று கார் ஓட்டுபவர் ஒவ்வொருவரும் சீட்டை நகர்த்தி உட்காருவதும் அதே சிந்தனையால்தான்.

இந்தப் பாடம் தையலுக்கு எப்படிப் பொருந்துகிறது? பெரும்பாலான கல்லூரிகளில் மாணவி 'பேட்டர்ன்' வெட்டப் பழகுவது ஒரு பொம்மை உடம்பின் மீது. அதற்குத் தோள் இரண்டும் ஒரே மட்டம். முதுகு கூனவில்லை. பிள்ளை பெறவில்லை. முக்கியமாக, அது கையைத் தூக்குவதில்லை. அந்தப் பொம்மைக்குத் தைத்த உடையை வைத்து அடுத்த சைஸ், அதற்கடுத்த சைஸ் என்று எல்லாப் பக்கமும் ஒரே விகிதத்தில் கூட்டிக்கொண்டு போவதைத்தான் 'கிரேடிங்' என்கிறார்கள். மார்பு நான்கு அங்குலம் கூடினால் தோளும் அதற்கேற்பக் கூடும் என்று காகிதம் நம்புகிறது. உடம்பு நம்புவதில்லை. எடை கூடும்போது எலும்பு அகலமாவதில்லை. பெரிய சைஸ் வாங்குபவர்களுக்குத் தோள் தையல் கைக்கு இறங்கித் தொங்குவதன் ரகசியம் இதுதான்.

சுற்றளவு என்பதே பாதி உண்மைதான். இரண்டு பெண்களுக்கு மார்புச் சுற்று 36 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு முதுகு அகலம், மார்பு சிறிது. மற்றவருக்கு முதுகு குறுகல், மார்பு பெரிது. டேப் இரண்டு பேருக்கும் ஒரே எண்ணைத்தான் சொல்லும். ஒருவருடைய ரவிக்கையை மற்றவர் போட்டால் முன்பக்கம் தூக்கும், அல்லது பின்பக்கம் பை போலத் தொங்கும். தோள் சரிவும் அப்படித்தான். சாதாரணமாக எடுக்கும் பத்துப் பன்னிரண்டு அளவுகளில் அது வருவதே இல்லை. ஆனால் கழுத்தோரம் துணி கூடாரம் போல நிற்பதற்கும் கக்கத்தில் சுருக்கம் விழுவதற்கும் பெரும்பாலும் அதுவே காரணம். ஸ்கேனர் இங்கேதான் உதவுகிறது. சுற்றளவோடு வடிவத்தையும் அது காட்டும். உடம்பைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் வட்டமா, நீள்வட்டமா, முன்னால் கனமா, பின்னால் கனமா என்பதெல்லாம் தெரியும்.

இந்திய உடம்பில் வேறொரு சங்கதியும் இருக்கிறது. 2004இல் 'லான்செட்' மருத்துவ இதழில் புனே டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யூட்கினும் தங்களைப் பற்றியே ஒரு படம் வெளியிட்டார்கள். உயரத்துக்கும் எடைக்கும் உள்ள கணக்கில் இருவரும் ஒன்று, இருவருக்கும் 22.3. ஆனால் யூட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடம்பில் 21.2 சதவீதம். ஒல்லியாகத் தெரியும் இந்தியருக்குக் கொழுப்பு அதிகம், அதுவும் வயிற்றைச் சுற்றி அதிகம் என்று சர்க்கரை நோய் மருத்துவர்கள் சொல்லிவருவது இதைத்தான். டாக்டருக்கு இது நோயின் அறிகுறி. ஃபாஷன் மாணவிக்கு இது பேட்டர்ன் பாடம். மேல்நாட்டு அட்டவணையில் மார்புக்கும் இடுப்புக்கும் உள்ள வித்தியாசம் நம்மில் பலருக்கு ஏன் ஒத்துவருவதில்லை என்பதற்குப் பாதி பதில் இதில் இருக்கிறது.

வகுப்பில் என்ன செய்யலாம்? ஸ்கேனர் இல்லாத கல்லூரி கையைப் பிசைய வேண்டியதில்லை. ஒரு டேப்பும், எலாஸ்டிக் நாடாவும், நோட்டுப் புத்தகமும் போதும். முதல் வேலையாக ஒரே மாணவியை நான்கு பேர் தனித்தனியாக அளந்து, ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல் கொடுக்கட்டும். நான்கு எண்களும் ஒன்றாக இருக்கப் போவதில்லை. இடுப்புச் சுற்றில் ஓர் அங்குலத்துக்கு மேல்கூட வேறுபடலாம். இடுப்பு என்று எதைச் சொல்கிறோம் என்பதே நால்வருக்கும் நாலு விதம். தலையைக் குனிந்தால் கழுத்தின் பின்னால் துருத்தும் எலும்பு, தோளின் முனை எலும்பு, பக்கவாட்டில் சாய்ந்தால் மடிப்பு விழும் இடம் என்று உடம்பில் சில அடையாளங்களைக் குறித்துக்கொண்டுதான் அளக்க வேண்டும். உடல் அளவுகளை எப்படி எடுப்பது என்பதற்கு ஐ.எஸ்.ஓ. 8559 என்று சர்வதேசத் தரமே இருக்கிறது. எண் என்பது தானாக வருவதல்ல, எடுப்பவர் கையைப் பொறுத்தது என்பது முதல் நாளே புரிந்துவிடும்.

அடுத்து, வெளியே போக வேண்டும். ஊரில் நூறு, இருநூறு பெண்களின் அளவுகள் போதும். மாணவிகள் முப்பது பேர் இருந்தால் ஆளுக்கு ஐந்தாறு பேர்தான். மார்பை ஒரு பக்கமும் சீட் அளவை மறுபக்கமும் போட்டு வரைபடத்தாளில் ஒவ்வொருவருக்கும் ஒரு புள்ளி வைக்கட்டும். பிறகு கடையில் கிடைக்கும் ஏதாவது ஒரு கம்பெனியின் எஸ், எம், எல், எக்ஸ்எல் கட்டங்களை அதே தாளில் வரையட்டும். கட்டங்களுக்குள் எத்தனை புள்ளிகள், வெளியே எத்தனை என்று எண்ணட்டும். எந்தப் பேராசிரியரின் சொற்பொழிவும் அந்தத் தாள் சொல்லும் செய்தியைச் சொல்லிவிட முடியாது. வெளியே விழுந்த ஒவ்வொரு புள்ளியும் முகம் தெரிந்த ஒருவர். பக்கத்து வீட்டு அக்கா, பூக்காரம்மா, ஆஸ்டல் வார்டன்.

மூன்றாவதாக, அந்த வெளியே விழுந்தவர்களில் ஒருவருக்குக் காடாத் துணியில் ஒரு மாதிரி உடை தைத்துப் போட்டுப் பார்க்க வேண்டும். துணி பேசும். குறுக்கே மடிப்பு விழுந்தால் அந்த இடத்தில் இறுக்கம். சாய்வாகக் கோடு இழுத்தால் கோடு எங்கே போய் முடிகிறதோ அங்கே சிக்கல். முன் விளிம்பு மேலே ஏறினால் மார்பின் மேலே போகும் நீளம் போதவில்லை. டேப் எடுத்த எண், வரைபடத்தில் வைத்த புள்ளி, துணியில் விழுந்த சுருக்கம் மூன்றும் ஒன்றையே சொல்கின்றன என்று தெரியும் கணத்தில் மாணவி டிசைனர் ஆகிறாள். பிறகு அந்த உடையில் அவர் உட்காரட்டும், பஸ் கம்பியைப் பிடிப்பது போலக் கையைத் தூக்கட்டும், குனியட்டும். சித்தூர் மாவட்டத்து மாந்தோப்பில் வேலை செய்யும் பெண்ணின் ரவிக்கை, கை தொங்கவிட்டு நிற்கும்போது அழகாக இருந்தால் போதாது. ஸ்கேனரில் நிற்கும் உடம்பு அசையாது. உடையோ அசையும் உடம்புக்குத்தான்.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட முடியாது. பழைய தையல் பாடப் புத்தகங்கள் சரிந்த தோள், கூன் முதுகு, பருத்த வயிறு என்று பட்டியல் போட்டு அவற்றுக்கு 'உருவக் குறைபாடுகள்' என்று பெயர் வைத்தன. பதினெட்டு வயதுப் பெண் வகுப்பில் உட்கார்ந்து தன் தோளின் பெயர் குறைபாடு என்று படிக்கிறாள். தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டும், அல்லது மறைத்துக்கொள்ள வேண்டும் என்று எண்ணுகிறாள். வரைபடத்தாளில் இருநூறு புள்ளிகளைப் பார்த்தவள் அப்படி நினைக்க மாட்டாள். குறை தோளில் இல்லை, தோளைக் கேட்காமல் எழுதிய அட்டவணையில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். உடல் அளவு ஆராய்ச்சி கற்பிக்கும் பெரிய பாடம் இதுவாகத்தான் இருக்கும்.

அதே காரணத்தால் அளப்பதிலும் மரியாதை வேண்டும். பெண்களைப் பெண்கள் அளக்க வேண்டும், திரை மறைவில் அளக்க வேண்டும், சம்மதம் கேட்டு அளக்க வேண்டும். நோட்டில் பெயர் கூடாது, எண் போதும். 'ஐயோ, இவ்வளவா' என்ற ஒரு வார்த்தை போதும், அடுத்தவர் வர மாட்டார். ஒட்டிய உடையில் ஸ்கேனர் முன் நிற்க யார் வருவார்கள், யார் வர மாட்டார்கள் என்பதும் ஆராய்ச்சிக்குள் அடங்கிய கேள்விதான். கூச்சப்பட்டு வராதவரின் உடம்பு அட்டவணைக்கும் வராது.

'இந்தியா சைஸ்' அறிவிப்பில் குறிக்கப்பட்ட நகரங்கள் ஆறு: கொல்கத்தா, மும்பை, புதுடில்லி, ஹைதராபாத், பெங்களூர், ஷில்லாங். தென்னாட்டுக்குப் பெங்களூர். ஆந்திரம் பிரிந்த பின் ஆந்திரத்துக்குச் சொந்தமான ஊர் எதுவும் இல்லை. தமிழ்நாட்டு ஊரும் இல்லை. பெருநகரத்துக்கு நாலா பக்கத்திலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள் என்பது உண்மை. ஆனால் பெங்களூரில் வேலைக்குப் போன இளைஞரும், ஊரிலேயே வேர்க்கடலை பறிக்கும் அவருடைய அம்மாவும் ஒரே உடல்வாகு என்று சொல்ல முடியுமா? சாப்பாடு வேறு, வேலை வேறு, வயது வேறு.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க நம்மிடமே ஓர் உதாரணம் இருப்பதால் சொல்கிறேன். சென்னையில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பரிலிருந்து 2022 மார்ச் வரை இந்தியர்களின் பாதங்களை அளந்தது. 79 இடங்கள். 1,01,880 பேர். மூன்று வயதுக் குழந்தையிலிருந்து 55 வயது வரை. இந்தியப் பாதம் அகலமானது, மேல்நாட்டு அளவில் செய்த செருப்பு பக்கவாட்டில் கடிப்பதால் நாம் நீளத்தில் பெரிய செருப்பு வாங்கிப் போட்டுக்கொண்டு நடக்கிறோம் என்று ஆய்வு சொன்னது. பெண் குழந்தைகளின் பாதம் 11 வயது வாக்கிலும், பையன்களின் பாதம் 15, 16 வயதிலும் வளர்ச்சியின் உச்சத்தை எட்டுகிறது என்றும் கண்டது. அதன் பலனாக வந்ததுதான் பாரதத்தின் முதலெழுத்தைக் கொண்ட 'பா' என்ற புது அளவு முறைக்கான யோசனை. குடிபாலாவிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் ராணிப்பேட்டையும் ஆம்பூரும் தலைமுறைகளாக வெளிநாட்டுப் பாதங்களுக்கு ஷூ தைத்து அனுப்பிய ஊர்கள். நம் பாதத்தின் அளவு கிடைக்க 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எப்படியோ, பாதத்துக்கு 79 இடங்கள் சாத்தியமாயின. உடம்புக்கும் அது சாத்தியம்தான்.

அதை நிஃப்ட் மட்டுமே செய்ய வேண்டும் என்பதில்லை. திருப்பதியில் 1983 முதல் ஸ்ரீ பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம் இருக்கிறது, அதில் மனையியல் துறை இருக்கிறது. கோயமுத்தூரில் அவினாசிலிங்கம் இருக்கிறது. சென்னை தரமணியில் நிஃப்டின் கிளை 1995இல் வந்தது. மாவட்டத்துக்கு மாவட்டம் காஸ்ட்யூம் டிசைன் பாடம் நடத்தும் சின்னக் கல்லூரிகள் இருக்கின்றன. ஆண்டுக்கு ஒரு வகுப்பு, ஒரே முறையில், தன் ஊரில் இருநூறு பேரை அளந்து வைத்தால் பத்தாண்டில் எந்த ஸ்கேனரும் போகாத ஊர்களின் கணக்கு சேர்ந்துவிடும். உடல் மாறுவதும் அதில் தெரியும்.

இது வெறும் அலங்கார விஷயம் என்று நினைப்பவர்கள் பள்ளிச் சீருடையை யோசித்துப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் அரசு தைத்தே கொடுக்கிறது. மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள் லட்சக்கணக்கில் தைக்கின்றன. ஆந்திரத்தில் 2020இல் தொடங்கிய வித்யா கானுகா திட்டத்தில் மூன்று ஜோடிச் சீருடைக்குத் துணியும் தையற்கூலியும் கொடுத்தார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் உள்ளூர் டெய்லர் பிள்ளையைப் பார்த்து வெட்டுகிறார். இந்தப் பக்கம் எங்கோ ஒரு கட்டிங் மேஜையில் மொத்தமாக வெட்டுகிறார்கள். மொத்தமாக வெட்டும் இடத்தில்தான் அட்டவணை தலைவிதியாகிறது. எட்டாம் வகுப்புப் பெண்ணுக்கு மார்பில் இறுக்கமான சட்டை என்பது தையல் பிழையோடு முடிவதில்லை. அவள் கூனி நடக்கிறாள். விளையாட்டு வகுப்பில் ஓட மறுக்கிறாள். கரும்பலகையில் எழுதக் கூப்பிட்டால் தயங்குகிறாள்.

ஃபாஷன் கல்லூரிகளின் ஆண்டு விழாவில் மாணவிகள் தயாரித்த உடையை உயரமான, மெலிந்த மாடல்கள் அணிந்து மேடையில் நடக்கிறார்கள். கைதட்டல் கிடைக்கிறது. தேர்வு அப்படி இருக்க வேண்டாம். கேள்வித்தாளோடு ஆளுக்கொருவராகத் தெருவில் இருந்து அழைத்து வந்த ஒரு நிஜப் பெண்ணை அறிமுகப்படுத்துங்கள். அவரை அளந்து, அவர் செய்யும் வேலையைக் கேட்டு, அவருக்கு ஓர் உடை தைத்துத் தரட்டும். அதை அணிந்து அவர் கையைத் தூக்கிப் பார்த்து, குனிந்து பார்த்து, உட்கார்ந்து எழுந்து, பிறகு மதிப்பெண் போடட்டும்.